நெருப்பைச் சோதித்தவர் தொடங்கி வைத்த பீடம்

களனி ரஜமகா விகாரையைப் போயா தினத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு வேலை நாள் காலையில் அது வேறோர் இடமாகத் தெரியும். நான் போனது ஒரு புதன்கிழமை. கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் என்னோடு இறங்கியவர்களில் பலர் பூக்கடைகளில் நிற்கவேயில்லை. நேரே அரசமரத்தடிக்குப் போனார்கள். சிறு குடங்களில் தண்ணீர் மொண்டு மரத்தைச் சுற்றி வந்து வேரடியில் ஊற்றினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவின் வலது கையில் குடம், இடது கக்கத்தில் பழுப்பு உறையில் எக்ஸ்ரே. சுற்றி முடித்ததும் உறையைக் கல்மேடையில் வைத்துக் கும்பிட்டார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கிளினிக்குக்கு நேரமாகியிருக்க வேண்டும்.

புத்தர் ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டில் இங்கே வந்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. போர்த்துக்கேயர் இடித்த விகாரை இது. இருபதாம் நூற்றாண்டில் ஹெலனா விஜேவர்த்தன அம்மையாரின் செல்வத்தால் மறுபடி எழுந்தது, சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களால் பெயர் பெற்றது. ஓவியங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் நின்றது விபீஷணர் சந்நிதியில். இராவணனின் தம்பி இங்கே காவல் தெய்வம். நோய் தீர வேண்டும் என்று வெள்ளைத் துணியில் காசு முடிந்து வைக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் போகும் எல்லா மதத்தவரையும் பார்த்துப் பழகியவனுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு வழி, சந்நிதிக்கு இன்னொரு வழி என்று இந்த நாட்டில் யாரும் பிரித்துப் போவதில்லை. துண்டு எடுக்கும் வரிசையில் நிற்பவரின் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். பிரித் நூல், கோயில் காப்பு, கறுப்புக் கயிறு, சில வேளை மூன்றும்.

அந்த நோயாளி வைத்தியருக்கு முன்னால் போய் அமரும்போது அந்த நூலைப் பற்றி வைத்தியர் ஏதாவது கேட்பாரா, கேட்க வேண்டுமா, எப்படிக் கேட்பது என்று மருத்துவ பீடத்தில் யாராவது சொல்லித்தர வேண்டுமா? இந்தக் கேள்வியோடுதான் நான் களனிக்கு வந்தேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் ஆன்மிகமும் உடல்நலமும் என்பது 1990களிலிருந்தே பாடமாக நுழையத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒருவர் தியான வகுப்பு என்கிறார், இன்னொருவர் மதமாற்றம் என்கிறார், மூன்றாமவர் மூடநம்பிக்கை என்கிறார்.

களனிக்கு இந்தக் கேள்வியில் ஒரு தனி உரிமை இருக்கிறது. விகாரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கண்டி வீதியில், தளுகமவில் பல்கலைக்கழகம். அதன் வேர் 1875இல் ரத்மலானே ஸ்ரீ தர்மாலோக தேரர் பேலியகொடையில் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவெனா. பிக்குகள் படித்த அந்தப் பள்ளி 1959இல் வித்தியாலங்கார பல்கலைக்கழகமாகி, 1972இல் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978இல் களனிப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. பாளியும் பௌத்தமும் இதன் பிறப்போடு வந்தவை. மேலைச் செவ்வியல் பண்பாட்டுக்கும் கிறிஸ்தவப் பண்பாட்டுக்கும் ஒரு துறை இங்கே உண்டு என்பது வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பாளி, பௌத்தக் கற்கைகளுக்கான பட்டப்பின் படிப்பு நிறுவனமும் 1975 முதல் இதன் குடையின் கீழ்தான், கட்டடம் கொழும்பில் இருந்தாலும். ஆக, ஆன்மிகத்தைப் பாடமாகச் சொல்லித்தர ஆள் தேடி இந்தப் பல்கலைக்கழகம் வெளியே போக வேண்டியதில்லை. அதன் மருத்துவ பீடம் மட்டும் வேறோர் ஊரில், வேறொரு மனிதரின் கையில் பிறந்தது.

அந்த ஊர் ராகம. களனி நிலையத்தில் ரயில் ஏறினால் வனவாசல, ஹுணுப்பிட்டிய, எண்டேரமுல்ல, ஹொரபே, அடுத்தது ராகம. அங்கே பாதை பிரிகிறது. ஒன்று புத்தளம் பக்கம் போகிறது, மற்றது கண்டிக்கும் வடக்குக்கும் கிழக்குக்கும். இதனால் இந்த நிலையத்தின் மேடையில் எல்லா ஊரின் தமிழையும் கேட்கலாம். நான் இறங்கியபோது ஒரு குடும்பம் அகப்பை நிறையச் சோறு எடுத்துப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்காம். மட்டக்களப்புப் பேச்சு.

ராகமவில் 1980களின் தொடக்கத்தில் தொடங்கப்பட்டது வட கொழும்பு மருத்துவக் கல்லூரி, நாட்டின் முதல் தனியார் மருத்துவக் கல்லூரி. அதை எதிர்த்து மாணவர் போராட்டங்கள் வெடித்தன, 1980களின் இறுதியில் தெற்கே இரத்தம் ஓடியது, கடைசியில் அரசு அதைக் கையகப்படுத்தியது. 1991இல் அதே இடத்தில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் பிறந்தது. முதல் பீடாதிபதி பேராசிரியர் கார்லோ பொன்சேகா.

பெயரைக் கேட்டதும் வெள்ளவத்தையின் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். உடற்றொழிலியல் பேராசிரியர், இடதுசாரி, மேடைப் பேச்சாளர், சிங்களத்தில் பாட்டும் எழுதியவர், பிற்காலத்தில் இலங்கை மருத்துவப் பேரவையின் தலைவர். 2019இல் மறைந்தார். நாடறிந்த பகுத்தறிவாளர் என்பதுதான் இங்கே முக்கியம். 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள் தீமிதிப்பு. கதிர்காமத்திலும் திரௌபதை அம்மன் கோயில்களிலும் பக்தர்கள் தணலில் நடந்து காயமின்றி வருவது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். பாதம் தணலைத் தொடும் நேரம் கணக்கில் மிகச் சிறியது. செருப்பில்லாமல் நடந்து பழகிய பாதத்தின் தோல் தடித்தது. அருள் வேண்டியதில்லை, விரதமும் வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. அந்தக் காலத்தில் பகுத்தறிவாளர் சங்கத்தின் முகமாக இருந்தவர் ஏபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்து, வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்தவர். சாமியார்களுக்கு ஒரு லட்சம் ரூபா சவால் விட்டவர். அவர் குறிப்பேட்டின் ஒரு கதைதான் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்ற படமாகி, பிறகு தமிழில் 'மறுபிறவி' ஆனது. 1978இல் இறந்தபோது கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவ மாணவர்களுக்கும் கொடுத்தார். அவருக்குச் சடங்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிக்குகளின் பள்ளியிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகத்துக்கு, நெருப்பில் தெய்வம் இல்லை என்று அளந்து காட்டியவர் மருத்துவ பீடத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். தலகொல்ல வீதியில் பீடத்தின் வாசலைக் கடக்கும்போது இந்த முரண் எனக்குப் பிடித்திருந்தது. ஆன்மிகத்தை மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தருவதானால் அதை இப்படி ஒருவரின் நிழலில் வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னைச் சந்திக்க ஒத்துக்கொண்டது ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி. பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய முதல் நிபந்தனை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு என்றும் எழுதக்கூடாது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தலையாட்டினேன். வீதிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் பிளேன்டீயும் உளுந்து வடையும். ஐந்து ஆண்டுப் படிப்பும் ஆங்கிலத்தில். நோயாளிகளோடு பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்.

"சிங்களம் இங்க வந்துதான் ஒழுங்கா பழகினேன் சேர். ஆனா வாட்டுல ஒரு தமிழ் நோயாளி வந்தா என்னையதான் கூப்பிடுவாங்க. ஹிஸ்டரி எடுக்கிறது நானு, எழுதுறது வேற ஒருத்தர்."

பீடத்தின் பாடத்திட்டம் ஐந்து இழைகளாகப் பின்னப்பட்டது. அவற்றில் ஒன்று தொழிற்பண்பு விருத்தியும் குடும்ப மருத்துவமும். நோயாளியோடு எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, ஒழுக்கவியல் எல்லாம் அந்த இழையில் வரும். ஆன்மிகம் என்று தனியாக ஏதும் படித்தீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் எதிர்பாராத இடத்துக்குப் போனார்.

"முதல் வருஷம், உடற்கூற்றியல்ல. அதத்தான் நான் சொல்லுவேன்."

இலங்கையில் மருத்துவ பீடங்களுக்கு உடல் தானம் கொடுப்பது பரவலான வழக்கம். போதிசத்துவர் கண்ணைக் கொடுத்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில் உடலைக் கொடுப்பது தானத்தின் உச்சம். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் இந்த நாட்டின் கண்களை உலகத்துக்கே அனுப்பியது இந்த நம்பிக்கையின் பலத்தில்தான். உடலைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது குடும்பம் வருகிறது, பிக்குகள் வந்து பிரித் ஓதுகிறார்கள், மாணவர்கள் நிற்கிறார்கள். உடல் கொடுத்தவர்களுக்காக மாணவர்கள் தானம் கொடுத்துப் புண்ணியத்தைச் சேர்ப்பிக்கும் சடங்கும் பல பீடங்களில் நடக்கிறது. இந்தச் சடங்கை வைத்து ஆய்வுக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. அமெரிக்காவில் குழு போட்டு, நிதி வாங்கி, பாடத்திட்டம் எழுதிக் கொண்டுவந்த ஒன்று இங்கே யாரும் திட்டமிடாமல் உடல் அறுக்கும் மேசைக்கருகே வந்து நிற்கிறது.

"எனக்கு ஓதுறது ஒண்ணும் விளங்கல. ஆனா அந்த ஐயாவோட மகள் பக்கத்துல நின்னு அழுதாங்க. அப்பாவ நல்லாப் பாத்துக்கோங்கன்னு எங்ககிட்ட சொன்னாங்க. செத்தவரப் பாத்துக்கோங்கன்னு சொல்றாங்க சேர். அதுக்கப்புறம் மேசையில யாரும் பகிடி விடல."

பக்கத்தில் நின்ற முஸ்லிம் மாணவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றானாம். பிறகு அவனும் மனசுக்குள் ஏதோ ஓதிக்கொண்டான். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். இந்தக் காட்சியில்தான் சிக்கலும் இருக்கிறது. சடங்கு அழகானது, மாணவரைப் பண்படுத்துவது. அதேசமயம் அது ஒரு மதத்தின் சடங்கு. பெரும்பான்மையின் மதம் எந்த நாட்டிலும் காற்றைப்போலப் பொதுவானதாகத் தோற்றம் காட்டும். அதற்குள் பிறந்தவர்களுக்கு அது மதமாகவே தெரியாது. ஆன்மிகம் என்று ஒரு பாடம் வைத்தால், களனியில் அது பௌத்தமாகவும் வேலூரில் கிறிஸ்தவமாகவும் வாரணாசியில் இந்துவாகவும் வழுக்கிவிழ அதிக நேரம் ஆகாது.

மதுரையில் அது கண்ணெதிரே நடந்தது. 2022 ஏப்ரல் 30, மதுரை மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர்களுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா. ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதிலாக, ஆங்கில எழுத்தில் எழுதிய சமஸ்கிருத சரகர் உறுதிமொழியை மாணவர்கள் வாசித்தார்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அந்த ஆண்டு பரிந்துரைத்திருந்த உறுதிமொழி அது. தமிழ்நாடு கொதித்தது, கல்லூரி முதல்வர் பதவியில் இருந்தவர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, சில நாட்களில் திரும்பவும் அதே பதவிக்கு வந்தார். அத்தனை சச்சரவிலும் ஒருவர்கூட நோயாளியைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் வருத்தம். மாணவர் எதை வாயால் சொல்கிறார் என்பதில் நாடே சண்டை போட்டது. நோயாளி சொல்வதைக் காதால் கேட்கிறாரா என்பது எந்த விவாதத்திலும் வரவில்லை.

வடை தீர்ந்திருந்தது. நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மாணவியிடம் கொடுத்தேன். ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா புஹால்ஸ்கி 1996இல் உருவாக்கிய கேள்விகளையும், பிரவுன் பல்கலைக்கழகத்தின் கௌரி ஆனந்தராஜா எலன் ஹைட்டோடு சேர்ந்து 2001இல் வெளியிட்ட கேள்விகளையும் நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். கஷ்ட காலத்தில் உங்களுக்குத் துணை எது? ஏதாவது மதத்தையோ கூட்டத்தையோ சேர்ந்தவரா, அவர்கள் உங்களுக்கு உதவியாக இருக்கிறார்களா? தனியாக ஏதும் வழிபாடு, தியானம் செய்வீர்களா? இவை எதுவும் உங்கள் வைத்தியத்தைப் பாதிக்குமா, நாங்கள் எதையாவது மனதில் வைக்க வேண்டுமா? அவ்வளவுதான். வைத்தியர் கூடவே பிரார்த்தனை செய்ய வேண்டும் என்றோ, நம்ப வேண்டும் என்றோ இதில் எங்கும் இல்லை.

அவர் படித்துவிட்டு, "இதுல கடைசிக் கேள்வி மட்டும் போதும் சேர்," என்றார். "மத்ததெல்லாம் கேக்க எங்களுக்கு நேரம் இல்ல. கிளினிக்ல வரிசை வீதி வரைக்கும் நிக்கும்."

நேரம் இல்லை என்பது நாடு முழுவதும் சொல்லப்படும் பதில், பெரும்பாலும் உண்மையான பதிலும்கூட. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி நேரத்தை மிச்சப்படுத்தும் கேள்வி என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே சான்று உண்டு. போயா தினத்தில் சில் எடுக்கும் பௌத்த மூதாட்டி மதியத்துக்குப் பிறகு மறுநாள் காலை வரை திடவுணவு தொடமாட்டார். அவருக்கு நீரிழிவு. காலையில் வழக்கமான குளிசையை விழுங்கிவிட்டு, அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டு, விகாரைக்குப் போகிறார். மாலையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறார். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நோயாளிக்கு, கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கும் சைவ நோயாளிக்கு இதே கதை. "சில் எடுப்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டு மருந்தளவை அந்த நாளுக்கு மாற்றிக் கொடுத்தால் வாட்டில் ஒரு கட்டில் மிச்சம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகுமுன் மணிக்கட்டு நூலை வெட்டச் சொல்வதும் அப்படித்தான். கத்தரிக்கோலை நீட்டுவதற்கு முன்னால் இதைக் கழற்றி உங்கள் கையில் தரட்டுமா என்று கேட்டால், பயந்துபோன மனிதர் பாதி சமாதானமாகிவிடுகிறார். மாணவி இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். எங்கோ வெட்டியதைப் பார்த்திருக்கிறார். நிபந்தனை நினைவிருந்ததால் நான் மேலே கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் பொன்சேகாவின் நிழல் வேண்டும் என்கிறேன். ஆன்மிகத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவரும் உற்சாகிகள் பலர், ஒரே மூச்சில் அது நோயைக் குணப்படுத்தும் என்றும் சொல்லிவிடுகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்லோன் 1999 முதலே இதை மறுத்து எழுதி வருகிறார். ஹார்வர்டின் ஹேர்பெர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. இதய இரத்தக்குழாய் மாற்றுவழிச் சத்திரசிகிச்சைக்கு வந்த 1,802 பேர், மூன்று குழு. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் நடக்காதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிவிக்கப்பட்ட மூன்றாவது குழுவில் 59 விழுக்காடு. எனக்காக ஊரே வேண்டுகிறதென்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா என்று அவர்கள் பயந்திருக்கலாம் என ஆய்வாளர்களே ஊகித்தார்கள். இந்த எண்களை ஆன்மிகப் பாடத்தின் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுத வேண்டும். அதைத் தாங்கிக்கொண்டு மிஞ்சுவது எதுவோ அதைச் சொல்லித்தரலாம்.

மிஞ்சுவது நிறையவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1998இல் உடல்நல வரையறையில் ஆன்மிகத்தையும் சேர்க்க முயன்று, நாடுகள் ஒத்துக்கொள்ளாமல் கைவிட்டது. ஆனால் 2002இல் நோவுதணிப்புச் சிகிச்சையை வரையறுத்தபோது ஆன்மிகத் துயரையும் வலியோடு சேர்த்தே எழுதியது. சாகப்போகிறவருக்கு முன்னால் அமர்ந்தவர்கள் எழுதிய வரையறை அது. மனநல மருத்துவத்தில் இது இன்னும் நுணுக்கமானது. வாழ்க்கை முழுக்கத் துக்கம், எதிலும் பற்றில்லை என்று ஒருவர் சொன்னால் அது மனச்சோர்வா, பௌத்தம் காட்டிய வழியில் அவர் கண்ட தெளிவா என்று மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இலேயே கேட்டார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் உடைந்தவர்களுக்கு மனதைத் தளர்த்தும் பயிற்சி சொல்லிக்கொடுத்தபோது, அவரவர் மரபின் ஜபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் கொண்டே சொல்லிக்கொடுத்தார். சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை. அவர் யாரையும் எந்தக் கடவுளிடமும் அனுப்பவில்லை. ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்.

இந்த நாட்டில் இந்தப் பாடத்துக்கு இன்னும் பழைய ஒரு வகுப்பறையும் உண்டு. மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர், கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் திறக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னமே தமிழ் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். 60க்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றினார், மருத்துவ நூல்களைத் தமிழிலேயே எழுதினார், எழுதுவித்தார். மருந்தோடு வேதமும் கொடுத்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வந்த காரணமே அதுதான். ஆனால் நோயாளியின் மொழியில் மருத்துவம் சொல்லித்தரப்பட வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம், என் கணக்கில், அவருடைய வேதத்தைவிட நோயாளிக்கு நெருக்கமானது. ஒரு ஹட்டன் மாணவியைத் தேடித்தேடி வாட்டுக்கு வாட்டு அழைக்கிறார்களே, அது கிறீன் தொட்ட அதே இடம். துணை எது, பயம் எது என்று ஒருவரிடம் அவர் மொழியில் கேட்க ஆளில்லாத இடத்தில் ஆன்மிக வரலாறு எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பாடத்திட்டக் குழு ஒன்று என்னைக் கேட்டால், கேட்கப்போவதில்லை, ஆனாலும் கேட்டால், தியான அறைக்கு ஒதுக்கும் பணத்தைத் தமிழ் வகுப்புக்கும் சிங்கள வகுப்புக்கும் ஒதுக்கச் சொல்வேன்.

பிற்பகலில் தேவத்தைக்கு நடந்தோம். மாணவிக்கு அன்று வகுப்பில்லை. இலங்கை அன்னையின் பெருங்கோயில், இரண்டாம் உலகப் போர் இந்தத் தீவை அழிக்காமல் விட்டால் கட்டுவோம் என்று 1940இல் பேராயர் மாசோன் வைத்த நேர்த்தி. கர்தினால் குரே காலத்தில் கட்டி முடித்து 1974இல் அபிஷேகம் செய்தார்கள். ஆகஸ்ட்டில் நோயாளருக்கென்றே இங்கே ஒரு திருவிழா உண்டு. சக்கர நாற்காலிகளும் கட்டில்களும் முற்றத்தில் வரிசையாக வரும். நாங்கள் போனபோது லூர்து கெபி முன்னால் நான்கைந்து பேர்தான். ஒருவர் கையில் கனுலா போட்ட இடத்தில் இன்னும் பிளாஸ்டர். போதனா வைத்தியசாலையும் பெருங்கோயிலும் ஒரே ஊரில் இருப்பதால் இந்த முற்றத்துக்கு இது புதிதல்ல.

திரும்பி நிலையத்துக்கு வரும் வழியில்தான் மாணவி அந்தக் கதையைச் சொன்னார். நாளெல்லாம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். புத்தளம் பாதையில், உடப்பிலிருந்து ஒரு மீனவர் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். அறுபதைத் தொடும் வயது, பல வருட நீரிழிவு. பாதத்தில் நைலோன் இழையால் தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை, உணர்வு போய்விட்டது. பாதத்தைக் கவனியுங்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று வழக்கமான அறிவுரை. மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. இவர் தமிழில் சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். உடப்பா, திரௌபதை அம்மன் கோயில் தீமிதி பெரிசா நடக்குமே என்று.

"ஓம் மகள், இந்த வருஷமும் இறங்குவன்," என்றாராம் அவர், கொஞ்சம் பெருமையோடு. "பன்னிரண்டு வயசிலிருந்து இறங்குறன். போன வருஷம் சூடே தெரியல்ல. அம்மன் கருணை."

சூடு தெரியாததன் காரணம் மாணவிக்கு விளங்கியது. கார்லோ பொன்சேகாவின் கணக்கு தடித்த தோலும் நல்ல உணர்வும் உள்ள பாதத்துக்கானது. கால் தயங்கினால், தணல் விரலிடுக்கில் ஒட்டினால், உணர்வுள்ளவன் துள்ளி விலகுவான். உணர்வில்லாதவன் அப்படியே நடப்பான். சுட்டது அவனுக்கு மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், நீரிழிவுக்காரனுக்கு அந்தப் புண் காலை எடுப்பது வரை போகும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போகாதீங்கன்னு நான் சொல்லல. சொன்னா கிளினிக்குக்கு வர்றத நிப்பாட்டுவாரு, தீமிதிய நிப்பாட்டமாட்டாரு. நேர்த்திய வேற எப்படித் தீர்க்கலாம்னு அவரையே கேட்டேன் சேர். அவரு பேசல. பக்கத்துல இருந்த அவரு மனைவிதான் சொன்னாங்க, மகன் இறங்கலாம், இவரு பூசை குடுக்கலாம்னு. அவரு உடனே ஒத்துக்கல. யோசிக்கிறேன்னாரு. நான் கன்சல்டன்ட் சேர்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு சிங்களவரு, தீமிதி பத்தி என்னவிட அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. கேட்டுட்டு, அடுத்த திகதிய மூணு மாசத்துக்குப் போட்டிருந்தத வெட்டிட்டு, ஜூலை மாசத்துக்கு, திருவிழா தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு நாளுக்கு மாத்தி எழுதினாரு. மகனையும் கூட்டிட்டு வரச் சொல்லிக் கொப்பியில எழுதச் சொன்னாரு. தமிழ்ல எழுதச் சொன்னாரு."

கொழும்புக்கான ரயில் அறிவிக்கப்பட்டது. மகன் வருவாரா என்று நான் கேட்டதற்கு, ஜூலையில் தன்னுடைய பிரிவு மாறி வேறு வாட்டில் இருக்கும் என்றும், அதனால் அந்தத் திகதியைத் தன் தொலைபேசியில் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.